தட்டு இல்லை

அல்பர்ட் தெருத் தேவாலயத்தின் நிலவறைச் சந்தையில்
பன்னிரண்டு டாலர்.
எண்பத்தேழாம் ஆண்டுச் சீடி பிளேயர், எட்டுக் கிலோ,
பக்கங்களில் மரம்போல நடிக்கும் பிளாஸ்டிக்.
ஓடாது, முன்பு ஓடியது, என்றாள் விற்றவள்.
அந்த நேர்மைக்காகவே வாங்கினேன்.

சுவரில் செருகினால் பச்சை எழுத்தில் சொல்கிறது:
தட்டு இல்லை.
உள்ளே ஏதோ சரசரக்கிறது. வாயைத் திறக்காது.
சோற்றில் பூசணிக்காய் மறைப்பவர்கள்
இந்த வீட்டுக்குப் புதிதல்ல.
ஃபோர்ட் மக்மரியில் வேலை,
பதினான்கு நாள் அங்கே, ஏழு நாள் இங்கே.
கையெழுத்துப் போட்டு ஒரு கிழமை கழித்துத்தான்
கஜமுகன் எனக்குச் சொன்னது.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ரெஜைனாவின் ஜனவரிக் காற்றில்
ஈரம் மருந்துக்கும் கிடையாது.
கம்பளத்தில் நாலடி வைத்துக் கதவுப் பிடியைத் தொட்டால்
சுள்ளென்று ஒரு பொறி கடிக்கும்.
எனக்கு அது ஒரு 'ஸ்ஸ்'. லேசருக்குச் சாவு.
ஆகவே கம்பளிச் சட்டையைக் கழற்றிவைத்து,
குளிர்நீர்க் குழாயிலிருந்து ஒரு செப்புக் கம்பி,
மறுமுனை என் மணிக்கட்டில்,
குசினித் தரையில் என்னை நானே கட்டிப்போட்டுக்கொண்டேன்.
வாசலில் நின்று பார்த்தான்.
"இனி நீர் எங்கயும் ஓடேலாது."
நாலு நாளில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.
"ஓடுறது நானோ?" என்றேன்.

ஏழு திருகாணி. மூடியை எடுத்தால்
யாரோ ஒருவர் முப்பது வருடம் ஊதிய சிகரெட்.
வாயைத் திறக்கும் ரப்பர் பட்டி
தாராக உருகிக் கப்பியில் அப்பிக் கிடந்தது.
பகலில் நான் செயற்கைப் பற்கள் செய்கிறவள்;
மெழுகு செதுக்கும் கொக்கி எப்போதும் கைப்பையில்.
சுரண்டினேன், ஸ்பிரிட்டில் துடைத்தேன், மறுபடி சுரண்டினேன்.
புதுப் பட்டி ஹாமில்டனிலிருந்து வர
மூன்று கிழமையாம்.
குளிர்பெட்டியில் புரோக்கோலிக் கட்டைச் சுற்றி
நீல நிறத்தில் ஒரு ரப்பர் வளையம்.
பாதி அகலத்துக்கு வெட்டிப் போட்டேன்.
வாய் திறந்தது.
உள்ளே ஒரு தட்டு.

டோர்ச்சைப் பிடிக்கச் சொன்னேன். வந்து குந்தினான்.
உளுந்தைவிடச் சற்றே பெரிய கண்,
மயிரிழைக் கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தக் கூடாது.
பஞ்சுக் குச்சியால் ஒரு சுற்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு.
அது நகரும் தண்டவாளத்தில்
கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. வழித்தெடுத்து
நெல்லளவு புதிது பூசினேன்.
"இன்னும் கிட்டப் பிடியும்."
பிடித்தான்.

தட்டு இல்லை.
கண் எழும்பித் தேடுகிறது, இரண்டு தரம், மூன்று தரம்,
அகப்படாமல் கீழே அமர்கிறது.
தட்டு இல்லை.
பழைய டிவிக்குப் போடுவதுபோல
கஜமுகன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினான்.
கையைப் பிடித்துத் தள்ளினேன்.
ஆனால் அது சுழலத் தொடங்கிவிட்டது,
வெட்கங்கெட்டது.
இரண்டு மணிநேரம் நான் துடைத்ததற்கு
இவனுக்கு நன்றி சொல்கிறது.

பாட்டு இல்லை. ஒரு பியானோ மட்டும்.
கொஞ்சம் வாசித்துப் பின்வாங்கி,
டும், டும் என்று
யாருக்கோ இடம் விட்டு ஒதுங்கி நடக்கிறது.
பிறகு மறுபடி வந்து, மறுபடி ஒதுங்கி.
எடுத்துப் பார்த்தோம். தட்டின் முகத்தில் பொடி எழுத்து:
கிளாரினெட் பயிற்சி, பக்கவாத்தியம் மட்டும்.
"அப்ப வாசிக்கிற ஆள் எங்க?"
"ஆளை நாங்கள்தான் கொண்டுவரோணுமாம்."

திரும்பப் போட்டு ஐந்தாவது வரை கேட்டோம்.
திங்கள் விடிய ஆறு மணிக்கு அவனுக்கு விமானம்;
அதைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.
போன் அடிக்க, அவன் ஹோலுக்குப் போனான்.
நான் தேநீருக்கு எழுந்தேன்.
மணிக்கட்டு இழுத்தது. குழாயோடு இன்னும் கட்டியபடி,
இடக்கையால் அவிழாத முடிச்சு.
"பொறும்" என்று
கம்பளத்தில் காலை இழுத்து இழுத்து வந்தவன்
முடிச்சில் கை வைத்தான்.
சுள்.
இருவருக்கும்.
"லேசருக்குக் கிட்டப் போகாதேயும்" என்றேன்.